முன்பல்லின் அளவை முகம் சொல்லுமா?

வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாதவருக்குப் பல்செட் கட்டும்போது மருத்துவர் எடுக்கும் முடிவுகளில், வெளியே அதிகம் தெரிவது மேல்வரிசையின் ஆறு முன்பற்களைப் பற்றிய முடிவுதான். நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள், அவற்றின் இருபுறமும் பக்க வெட்டுப்பற்கள், ஓரங்களில் கோரைப்பற்கள். பேசினாலும் சிரித்தாலும் எதிரில் நிற்பவர் பார்ப்பது இவற்றைத்தான். இவை ஆறாறாக மெழுகுப் பட்டையில் பதிக்கப்பட்டு, அச்சு எண்ணும் நிற எண்ணும் போட்டு விற்பனைக்கு வருகின்றன. ஒரு அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் மொத்த அகலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. முகத்தில் ஏறியதும் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. பற்கள் சிறுத்துப்போனால் கோரைப்பல் தன் இடத்தை விட்டு முன்னால் வந்து நிற்கும். சிரிக்கும்போது வாயோரங்களில் இருட்டு விழும். பார்த்ததுமே கட்டின பல் என்று தெரிந்துவிடும். பெருத்துப்போனால் வரிசை நெருக்கியடித்து, முகத்தைவிடப் பல் முந்திக்கொண்டு நிற்கும்.

பெங்களூரில் இது ஒரு சிலரின் அழகுக் கவலையாக நின்றுவிடவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு முழுப் பல்செட்டை இலவசமாகத் தரும் ‘தந்த பாக்ய’ திட்டத்தைக் கர்நாடக அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் துணையோடு நடத்திவருகிறது. ஒருவருக்குப் பின் ஒருவராக ஆட்கள் காத்திருக்கும் இடத்தில், மூக்கின் அகலத்தை அளந்து ஒரு எண்ணால் பெருக்கினால் பல்லின் அச்சு கிடைத்துவிடும் என்பது பெரிய ஆறுதல். நூறாண்டுக்கும் மேலாகப் பல் மருத்துவம் இந்த ஆறுதலைத் தேடிவருகிறது. பெங்களூரின் முதுநிலை மாணவர்களும் அதே தேடலில் காலிபர் என்னும் அளவுக் கருவியுடன் முகங்களை அளந்துவருகிறார்கள். என் வாதம் இதுதான்: முகத்தின் அளவு தொடங்குவதற்கு ஒரு எண்ணைத் தரும், தீர்ப்பைத் தராது. ஒருவரின் பல்லை ஊகிக்க மற்றவர்களின் சராசரியைக் கேட்பதைவிட, அவருடைய வாயும் அவருடைய பழைய படமும் விட்டுவைத்திருக்கும் தடயங்களைத் தேடுவதில் அந்த உழைப்பைச் செலவிட வேண்டும். முக அளவுக்குச் சரியான இடம் அந்தத் தேடலின் உள்ளேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கத்தியப் பல் மருத்துவர்கள் மனிதர்களை உடல்வாகு, குணவாகு பார்த்து நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கொரு பல் என்று வைத்தார்கள். குணம் என்பது காலிபருக்குப் பிடிபடாத பொருள் என்பதால் அந்த முறை நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்ரி என்பவர் முகத்தையே அளக்கலாம் என்றார்: நடு வெட்டுப்பல்லின் அகலம் முகத்தின் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அடுத்து வந்தவர் ஜே. லியான் வில்லியம்ஸ். லண்டனில் நெடுங்காலம் தொழில் செய்த இந்த அமெரிக்கர், 1914இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். முகங்கள் சதுரம், குறுகல், நீள்வட்டம் என மூன்று வடிவங்களில் அடங்கும். ஒருவரின் முகக்கோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அவருடைய நடு வெட்டுப்பல்லின் வடிவம் கிடைக்கும் என்றார். நியூயார்க் டென்டிஸ்ட்ஸ் சப்ளை நிறுவனம் அந்தக் கொள்கையைப் பின்பற்றி ‘ட்ரூபைட்’ பற்களை விற்றது. கண்ணுக்கும் மூக்குக்கும் திறப்பு விட்ட ஒளிபுகும் தகடொன்றை முகத்தில் வைத்து, பதினாறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பல்லின் அளவைப் படிக்கும் ட்ரூபைட் கருவி இன்றும் இந்தியப் பாடநூல்களில் படத்தோடு இருக்கிறது. இந்தக் கொள்கை செய்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல்லை மாட்டிவிடும் வழக்கத்தை அது உடைத்தது. ஆனால் முகவடிவும் பல்வடிவும் உண்மையில் பொருந்துகின்றனவா என்று பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது அது நிற்கவில்லை. 1978இல் பெல் அந்த வடிவக் கொள்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். 1980இல் மாவ்ரோஸ்கூஃபிஸும் ரிட்சியும் முகவடிவை நம்பிப் பல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். வடிவம் போனாலும் அளவு தங்கிவிட்டது.

முகத்தை அளப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதி தென்னங்கீற்றின் ஓலையை மடித்து மடித்துத் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கைப் பார்க்கிறார். நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து மோவாய் என முகம் மூன்று சம பாகங்களாகிறது. அங்கே கணக்கு பிழைபடாது, ஏனென்றால் அவர் வார்ப்பது ஏற்கெனவே இருந்த ஒருவரின் முகத்தை அல்ல, இலக்கணத்துக்கு உட்பட்ட ஓர் இலட்சிய உருவத்தை. பல் மருத்துவரின் பணி வேறு. தன் பல் எப்படி இருந்தது என்று அறிந்த ஒருவருக்கு அதைத் திருப்பித் தர வேண்டியவர் அவர். முக அளவுக்கு இன்னொரு முன்கதையும் இங்கே உண்டு, அது கசப்பானது. 1890களில் பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதிப்படியில் இடம் இறங்குகிறது என்று அறிவியலின் பெயரால் எழுதினார். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் காலிபரால் அளந்து எழுதிவைத்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. இன்றைய பல் மருத்துவ மாணவரின் நோக்கத்துக்கும் அவர்களின் நோக்கத்துக்கும் ஒட்டுறவே இல்லை. ஒருவரின் வாயை நிறைக்க விரும்புகிறவரை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். ஆனால் எதிரில் இருக்கும் ஒருவரை ஒரு கூட்டத்தின் சராசரிக்கு மாதிரியாக மட்டும் பார்க்கும் பழக்கம் இரண்டிலும் பொதுவாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை எச்சரிக்கையோடு அணுகத் தென்னிந்தியருக்குக் காரணம் அதிகம்.

சூத்திரங்களை ஒரே முகத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் உடனே வெளிப்படும். கன்ன எலும்புகளுக்கு இடையே 128 மில்லிமீட்டர், மூக்கின் இரு சிறகுகளுக்கு இடையே 37, கண்ணின் உள்முனைகளுக்கு இடையே 31, கண்மணிகளுக்கு இடையே 62 என்று ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர்ப் பேருந்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண அளவுகள்தான். பதினாறில் ஒரு பங்கு என்ற பழைய விதிப்படி இவருடைய நடு வெட்டுப்பல் 8.0 மி.மீ. கண்மணித் தூரத்தை 6.6ஆல் வகுக்கச் சொன்ன செசாரியோ, லாட்டா ஆகியோரின் 1984ஆம் ஆண்டுக் கணக்குப்படி 9.4. கண்ணின் உள்முனைத் தூரத்தை 0.618ஆல் பெருக்கி இரண்டால் வகுக்கும் அப்துல்லாவின் 2002ஆம் ஆண்டு முறைப்படி ஏறத்தாழ 9.6. ஆறு பற்களின் மொத்த அகலத்திலோ இடைவெளி இன்னும் பெரிது. கன்ன அகலத்தை 3.3ஆல் வகுத்தால் 38.8, மூக்கின் அகலத்தை 1.31ஆல் பெருக்கும் ஹாஃப்மன் குழுவினரின் 1986ஆம் ஆண்டு முறையில் 48.5. அச்சுப் பட்டியலின் ஒரு கோடியில் ஒன்று, மறுகோடியில் மற்றொன்று. இத்தனைக்கும் நடு வெட்டுப்பல்லின் அகலம் மனிதர்களில் அவ்வளவு மாறுவதில்லை. சராசரி எட்டரை மில்லிமீட்டர், பெரும்பாலோருக்கு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில். இயற்கை தரும் மொத்த வேறுபாட்டின் பெரும்பகுதியைச் சூத்திரங்கள் தங்களுக்குள் சண்டையிட்டே விழுங்கிவிடுகின்றன. அளப்பதிலும் பிசகு உண்டு. மூக்கின் சிறகு மென்தசை. காலிபர் சற்று அழுத்தினாலோ எதிரில் இருப்பவர் லேசாகச் சிரித்தாலோ இரண்டு மில்லிமீட்டர் போய்வரும். 1.31ஆல் பெருக்கும்போது அந்த இரண்டு 2.6 ஆகிறது, அதாவது ஓர் அச்சு எண் தவறிப்போக அதுவே போதும்.

அப்படியானால் ஆய்வுக்கு மேல் ஆய்வாக ‘தொடர்பு உண்டு’ என்று வருவது எப்படி? தொடர்பு உண்டு என்பது உண்மை. பெரிய முகத்துக்கு ஓரளவு பெரிய பல் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் தொடர்பு இருப்பது வேறு, அதை வைத்துக் கணிக்க முடிவது வேறு. முந்நூறு பேரை அளந்தால் தொடர்பின் வலுவைக் குறிக்கும் ஒட்டுறவுக் கெழு 0.2 என்று பலவீனமாக இருந்தால்கூட, அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கு சொல்லும். ஆய்வேட்டில் அது புள்ளியியல்படி முக்கியமான முடிவு என்று ஏறிவிடும். நாற்காலியில் இருக்கும் நோயாளிக்கு அதனால் கிடைப்பது என்ன? முகத்தை அளக்காமல், வருகிற எல்லோருக்கும் சராசரி அளவுப் பல்லையே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நேரும் பிழையை நூறு என்றால், 0.2 ஒட்டுறவுள்ள முக அளவு அதை 98ஆகக் குறைக்கும். 0.4 இருந்தால் 92. 0.5 இருந்தால்கூட 87தான். பிழையைப் பாதியாக்க 0.87 அளவுக்கு ஒட்டுறவு வேண்டும். மூக்கும் கண்ணும் பல்லும் அத்தனை நெருக்கமாகச் சேர்ந்து வளர்வதில்லை. வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பாலும் காணும் கெழுக்கள் 0.2க்கும் 0.5க்கும் இடையில் நிற்கின்றன. மேலே அப்துல்லாவின் முறையில் வந்த 0.618 என்ற பொன்விகிதத்தின் கதையும் இப்படியே. 1970களில் அது பல் அழகியலுக்குள் பெரும் ஆர்வத்தோடு வந்தது. 1993இல் பிரஸ்டன் இயல்பான பல்வரிசைகளில் தேடியபோது, நடு வெட்டுப்பல்லுக்கும் பக்க வெட்டுப்பல்லுக்கும் இடையே அந்த விகிதம் 17 சதவீதத்தினரிடம் மட்டுமே இருந்தது.

வெளிநாட்டு எண் நமக்குப் பொருந்தாது, உள்ளூர் மக்களை அளந்து உள்ளூர் எண்ணைக் காண்போம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். 1958இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளும் உள்ள நகரம் பெங்களூர். எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்கு ஆய்வேடு கட்டாயம்; செயற்கைப்பல் துறையில் மூக்கும் கண்ணும் முன்பல்லும் மீண்டும் மீண்டும் வரும் தலைப்புகள். அமெரிக்கரின் மூக்கை அளந்து கண்ட 1.31 இங்கே செல்லாது என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் பெங்களூரில் ‘உள்ளூர் மக்கள்’ என்பவர் யார்? அல்சூரின் தமிழர், சிவாஜிநகரின் உருது பேசுபவர், மல்லேஸ்வரத்தின் கன்னடர், தெலுங்கர், மலையாளி, வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர் என்று ஒரே வரிசையில் நிற்கும் நகரத்தில் உள்ளூர்ச் சராசரி என்பது எவருடைய முகமும் அல்லாத ஒரு முகம். அதைவிட முக்கியமான குறை வயதில் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் அளக்கப்படுவது பல் முழுதாக உள்ள இளைஞர்கள், பல வேளைகளில் கல்லூரி மாணவர்களே. பல்செட் தேவைப்படுவது அறுபதைத் தாண்டியவருக்கு. வயது ஏற ஏற மூக்கு தளர்ந்து அகலும். பல் போனபின் மேல்தாடை எலும்பு கரைந்து உதட்டின் தாங்கல் குறையும். இருபது வயது முகத்தில் கண்ட விகிதத்தை எழுபது வயது மூக்கில் பயன்படுத்தினால், அந்த மூக்கு இளமையில் இருந்த அளவைத் தாண்டிய பல்லைக் கேட்கும்.

ஓர் அளவு போதாவிட்டால் நான்கைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கொஞ்சம் பயன் உண்டு, ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. முக அகலம், கண் தூரம், மூக்கு அகலம் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இரண்டாவது சாட்சி பெரும்பாலும் முதல் சாட்சி சொன்னதையே சொல்கிறது. முப்பரிமாண ஸ்கேனர், கணினிவழிக் கணிப்பு என்ற நம்பிக்கையும் இதே இடத்தில்தான் நிற்கும். காலிபரின் நடுக்கத்தை ஸ்கேனர் போக்கும். மூக்கை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்கும். ஆனால் மூக்குக்கும் பல்லுக்கும் இயற்கையில் இல்லாத உறவை அது உண்டாக்காது. அளவின் துல்லியம் கூடுவதால் கணிப்பின் துல்லியம் கூடிவிடும் என்று நினைப்பது, இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நேரும் மயக்கம்.

வலுவான மறுப்பு வேறொன்று. பல் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, பழைய படம் இல்லை, பிடுங்கிய பல்லை யாரும் வைத்திருக்கவில்லை, வெளியே வரிசை காத்திருக்கிறது. இந்த நிலையில் மூக்கை அளக்காமல் என்ன செய்வது? அளக்கத்தான் வேண்டும். அச்சுப் பெட்டியில் எங்கே கைவைப்பது என்று அது சொல்லும். அதற்கு அடுத்த படியில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் பல்லில்லாத வாயும் முழுக்க ஊமையல்ல. மேலண்ணத்தில், நடு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இருந்த சிறு ஈறு முகிழ் பல் போனபின்னும் நிற்கும். இயற்கைப் பல்வரிசையில் நடு வெட்டுப்பற்களின் முன்முகம் அதற்கு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் முன்னால் இருக்கும். கோரைப்பற்களின் நுனிகளை இணைக்கும் கோடு ஏறத்தாழ அந்த முகிழ் வழியே செல்லும். இரு தாடைகளும் சேரும் நிலையைப் பதிவுசெய்வதற்காக மெழுகு வரம்பை வாயில் வைக்கும்போது முகத்தின் நடுக்கோட்டையும், உதடு தளர்ந்திருக்கையில் வாயோரம் விழும் இடங்களையும், சிரிக்கையில் மேலுதடு ஏறும் உயரத்தையும் அதில் கீறிக்கொள்கிறார்கள். வாயோரக் கீறல்களுக்கு இடைப்பட்ட மெழுகின் வளைவை ஒரு நெகிழும் அளவுகோலால் அளந்தால் ஆறு பற்களுக்கான இடம் தெரியும். சிரிப்புக்கோட்டின் உயரம் பல்லின் நீளத்துக்கு வழி சொல்லும். இவையும் பிழையற்றவை அல்ல. எலும்பு கரைந்த வாயில் முகிழின் இருப்பிடம் மாறும், வாயோரம் தசையின் பழக்கத்தைப் பொறுத்து நகரும். ஆனால் இவை அந்த நபருடைய உதடும் எலும்பும் கொடுக்கும் அளவுகள், ஊராரின் சராசரி வழியாகச் சுற்றி வருவதில்லை. கூட வந்திருக்கும் மகனின் அல்லது மகளின் பல்லைப் பார்ப்பதும் நல்ல வழக்கமே. வடிவத்துக்கும் நெளிவுக்கும் அது உதவும். அகலத்தைக் கணிக்க அதை மட்டும் நம்பினால், மேலே சொன்ன ஒட்டுறவுக் கணக்கு அதையும் விட்டுவிடாது.

படம் கிடைத்துவிட்டால் நிலைமையே மாறும். முக அளவு தன் முழு மதிப்பைப் பெறுவது அங்கேதான். வளர்ந்தபின் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. பிள்ளையின் கல்யாண ஆல்பத்தில், பல் தெரியச் சிரித்து நேராகக் கேமராவைப் பார்க்கும் ஒரு படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினால், கண்மணிகளுக்கு இடையே 410 படப்புள்ளிகள், நடு வெட்டுப்பல்லின் குறுக்கே 56 புள்ளிகள் என்று வைப்போம். நாற்காலியில் இருப்பவரின் கண்மணித் தூரம் 62 மி.மீ. என்றால் அவருடைய பல் ஏறத்தாழ எட்டரை மி.மீ. இருந்திருக்கிறது. இரண்டு புள்ளிகள் தவறி அளந்தாலும் பிழை 0.3 மி.மீ.தான். 6.6ஆல் வகுத்தபோது 9.4 சொன்ன அதே 62தான் இது. அங்கே அது பல்லை ஊகிக்கும் சாட்சி. இங்கே படத்தின் அளவைக் கூறும் அளவுகோல் மட்டுமே, பல்லைப் பற்றிச் சொல்வது பல்லின் படமே. எச்சரிக்கைகள் உண்டு. முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் விகிதம் கெடும். மிக நெருங்கி எடுத்த செல்ஃபியில் கேமராவுக்கு அருகில் உள்ளவை பெருத்துத் தெரியும், அருகே பார்ப்பதால் கண்மணிகளும் உள்ளே குவிந்திருக்கும். முந்தைய தலைமுறையின் ஸ்டுடியோ படங்களில் உதடு இறுக மூடியிருக்கும், அடையாள அட்டைப் படமும் அப்படியே. ஆனாலும் கடந்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பத்தின் செல்பேசியிலும் படங்கள் குவிந்துவிட்டன. பல்லைப் பறிகொடுத்துவரும் இன்றைய ஐம்பது வயதுக்காரருக்கு, அவர் பல்லோடு சிரித்த படம் ஏதாவது ஒன்று எங்கேயோ இருக்க வாய்ப்பு அதிகம். முதல் வருகையிலேயே அதைக் கொண்டுவரச் சொல்ல ஆகும் செலவு ஒரு வாக்கியம்.

அளவைக் கண்டபின்னும் மெழுகில் பல்லை வரிசைப்படுத்திப் பொருத்திப் பார்க்கும் வேளை ஒன்று இருக்கிறது. 1950களில் ஃப்ரஷும் ஃபிஷரும் பல்வரிசையில் பாலினம், ஆளுமை, வயது மூன்றும் தெரிய வேண்டும் என்று வாதிட்டார்கள். எந்தப் பாலினத்துக்கு எந்த வளைவு என்று அவர்கள் வகுத்ததை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் பல்லைச் சுமக்கப்போகிறவரை நடுவில் நிறுத்தியது அவர்கள் செய்த நல்ல காரியம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, கூட வந்தவரையும் பக்கத்தில் நிறுத்தி, ‘உங்கள் பல் இதைவிடப் பெரிதா, சிறிதா?’ என்று கேட்டு, தேவைப்பட்டால் அடுத்த எண் அச்சை மெழுகில் ஏற்றிக் காட்டுவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கூட்டம் நெரியும் இலவச முகாமில் முதலில் பலியாவது இந்த நிமிடங்கள்தான். பணம் கொடுத்துக் கட்டிக்கொள்பவர் தனக்குப் பிடிக்காத பல்லை மாற்றச் சொல்வார். இலவசமாகப் பெறுபவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். அதனால் அந்தக் கேள்வியைத் திட்டமே கட்டாயமாக்க வேண்டும், நோயாளியின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது.

ஆய்வேடுகளுக்கும் இதிலிருந்து ஒரு வேலை கிடைக்கிறது. இன்னும் முந்நூறு மாணவர்களின் மூக்கை அளந்து இன்னொரு கெழுவைச் சேர்ப்பதைவிட, கடைசிப் பற்களைப் பிடுங்கவிருக்கும் முதியவர்களை எடுத்துக்கொள்ளலாம். பிடுங்கும் முன் அவர்களின் பல்லை அளந்து மறைத்து வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு சூத்திரமும், மெழுகுக் கீறலும், பழைய படமும் எத்தனை பேருக்குச் சரியான அச்சு எண்ணைக் கொடுத்தன, எத்தனை பேருக்கு இரண்டு எண் தள்ளிப்போயின என்று எண்ணிச் சொல்லலாம். கெழுவுக்குப் பதில் இந்த எண்ணிக்கை கிடைத்தால் மருத்துவரால் நேரடியாகப் பயன்படுத்த முடியும். அதே ஆய்வின் போக்கில், பல் பிடுங்கும் அறைக்கு அனுப்பும் முன் ஆல்ஜினேட் என்னும் அச்சுப் பசையில் ஓர் அச்செடுத்து, கல்மாவில் வார்த்து, வழக்கு எண்ணை அடியில் கீறி, ஒரு சிரித்த படத்தையும் பல்லின் நிற எண்ணையும் நோயாளியின் அட்டையோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிட முடியும். பெங்களூரின் பல் கல்லூரிகளில் பல் பிடுங்கும் துறையும் பல் கட்டும் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. முதல் துறையிலிருந்து இரண்டாவது துறைக்கு நோயாளி வெறும் வாயோடு போவதைத் தடுக்க, அந்த வார்ப்பு ஒன்று போதும்.